பால் பாக்கி

மூன்று மாதப் பால் பாக்கிக்கு
வாலேர் கொண்டுவந்து சாத்தியது
ஈரம் காயாத ஒரு படம்.
உங்கள் பெல்லேதான் என்றான்.

செங்கல் நிற உடம்பு.
பெட்டி பெட்டியாகத் தோள்.
கொம்புகளுக்கு நடுவே
அப்பி வைத்த வெள்ளை.
கால்களை எண்ணினேன், மூன்று.
நாலாவது எங்கே என்றேன்.
"காலை வரையவில்லை, அது நிற்கிற கனத்தை வரைந்தேன்."
கனம் பால் கறக்குமா என்று கேட்டார்
என் புருஷன் ஓதீல்.

வீட்டில் மாட்ட நான் விடவில்லை,
சிலுவைக்குப் பக்கத்தில் மாடா?
தொழுவத்தில் பலகை பெயர்ந்த இடத்தில்
லெய்யே ஆற்றுக் காற்று புகுந்துகொண்டிருந்தது.
படம் உள்ளே பார்க்க
எட்டு ஆணி அடித்தேன்.
கணக்கு நோட்டில் ஒரு கோடு.

அந்தக் குளிர் முழுக்க பெல்லே
படத்தை விட்டு நகரவில்லை.
தன்னை அடையாளம் தெரிகிறதாக்கும் என்று சிரித்தோம்.
அவளுக்குத் தெரிந்தது எண்ணெய்.
எங்கள் வயலில் நீலமாகப் பூத்து
தண்டு ஆற்றில் ஊறி நாற
விதை மட்டும் செக்குக்குப் போகும் ஆளி.
அதன் புண்ணாக்கில் வளர்ந்தவள்
சாயத்தில் அதை மோந்து
நக்கினாள்,
முதலில் வெள்ளையை.

ஈய வெள்ளை இனிக்குமாம்.
கால்நடை வைத்தியர் இதைச் சொல்லும்போது
அவள் சுவரில் நெற்றியை அழுத்தி நின்றாள்,
அந்தப் பக்கம் ஏதோ வேலை இருப்பதுபோல.
கண்ணுக்கு முன் கையை ஆட்டினேன்.
இமைக்கவில்லை.
பல்லை மட்டும் நறநறவென்று.

யாரும் சொல்லி அனுப்பவில்லை.
வாலேர் பால் தூக்கோடு தானாக வந்தான்.
ஓதீல் அடிப்பார் என்றுதான் நினைத்தேன்.
இருவரும் ஆளுக்கொரு பக்கம் தோள் கொடுத்து
விடியும்வரை அவளை விழாமல் தாங்கினார்கள்.
ஒரு முன்னங்காலை அவள் ஊன்றவே இல்லை.
மூன்று காலில் அத்தனை கனம்.
நான் பார்த்தேன்.
அவனிடம் சொல்லவில்லை.

மறு வருஷம் கெண்ட் நகரத்து வியாபாரி ஒருவர்
கையுறையைக் கழற்றிவிட்டு
அந்த வெள்ளையைத் தடவினார்.
"இங்கே சுரண்டியிருக்கிறதே,
துணிந்த கை" என்றார்.
கை இல்லை என்றேன்.
சிரித்தார்.
இரண்டு மாட்டு விலை கொடுத்தார்.

ஆணிகளைப் பிடுங்கினேன். ஏழு வந்தன.
எட்டாவது துணித் துணுக்கோடு
மரத்திலேயே நின்றுவிட்டது.
புதுக் கன்று நாக்கை நீட்டாமல் இருக்க
அதன்மேல் சாணம் அப்பியிருக்கிறேன்.
சுற்றி எல்லாப் பக்கமும்
காற்று வருகிறது.