நான்கரை அடி

கீழ்க்கட்டளைக் கடையில்
செருப்பைக் கழற்றிவிட்டுக்
காலித் தொட்டிக்குள் படுத்துப் பார்க்கிறாள் தாட்சாயணி.
விலைச்சீட்டு அவள் காதோரம்
ஜிமிக்கிபோல் ஆடுகிறது.
விற்பனைப் பையன் நாகரிகமாகக்
குழாய்களைப் பார்க்கிறான்.

ஐந்துக்கு ஏழு எங்கள் குளியலறை.
வாஷிங் மெஷின் போக,
உள்பக்கம் திறக்கும் கதவு போக,
மிச்சம் நான்கரை அடி.
நீட்டிய டேப்
திரும்பத் திரும்ப நாக்கை இழுத்துக்கொள்கிறது.

"முட்டி இடிக்குமே."
"தினமும் துரைப்பாக்கம் வரைக்கும்
ஷேர் ஆட்டோல இடிக்காததா?"

இருநூறு லிட்டர் பிடிக்கும் என்றான் பையன்.
தண்ணீர் லாரிக்குப் பதிந்து
இன்றோடு ஒன்பது நாள்.

அவள் எழுந்திருக்கவில்லை.
கண்ணை மூடி
இல்லாத தண்ணீரைக்
கையால் மெல்லத் தள்ளுகிறாள்.

கால்மாட்டில் நின்ற நான்
ஏனோ
பேன்ட்டைக் கொஞ்சம்
மடித்துவிட்டுக்கொண்டேன்.