வெள்ளைத் துணியில் விழுவது

ஜூன் கடைசி. வில்ட்ஷயர்.
வேலி ஓரம் வெள்ளைத் துணி விரித்து
பார்பெரிக் கிளையை
மூன்று தட்டுத் தட்டுகிறேன்.
நான்காவது தட்டு கணக்கில் சேராது.

விழுந்தவை:
நேற்றைய மழையில் மிச்சம்,
எண்ணி மாளாத அசுவினி,
சாம்பல் நோய் பூத்த இரண்டு இலை,
ஒரு காதுப்பூச்சியும் அதன் அவசரமும்,
முக்கால் அங்குலத்தில் ஒரு பச்சை நூல்.

நூல் நிமிர்கிறது.
சாண் போட்டுச் சாண் போட்டு
துணியை அளக்கிறது,
சட்டைக்குக் காணுமா என்பதுபோல.

கம்பள அந்து என்று பெயர்.
இந்தப் புதர் போனால் இதற்குச் சோறில்லை.
படிவத்தில் ஒரு கோடு இழுக்கிறேன்.
இந்த வாரத்தின் ஒன்பதாவது கோடு.

அதே கிளையில் இன்னொன்று.
வெள்ளை உடம்பு, கறுப்புப் பொட்டு, மஞ்சள் திட்டு,
கல்யாணத்துக்குக் கிளம்பியதுபோல்.
ரம்ப ஈயின் பிள்ளை.
இலையில் நரம்பை மட்டும் விட்டுவைக்கும்.
அதைக் கிள்ளி
சோப்புத் தண்ணீர் வாளியில் போடுகிறேன்.

ஒரே இலை, ஒரே பசி.
ஒன்றுக்குப் படிவம், ஒன்றுக்கு வாளி.
சுவிண்டனில் ஒரு மாடி அறையில் முடிவானது அது.
கொடுமைக்காரர் யாரும் அங்கில்லை.
நானும் இருந்தேன்.
இஞ்சி பிஸ்கட் எடுத்துக்கொண்டேன்.

பத்தரை மணிக்கு
கெல்வின் புல்பெக் வயல் குறுக்கே வந்தார்.
ஒரு கையில் ரம்பம்.
மறு கையில், ரொட்டி கட்டும் பையில்
ஓர் இலை.
"உன் செடி," என்றார்.
போன வருடம் கையெழுத்துப் போடும்போது
"நம் செடி" என்றிருந்தார்.

திருப்பிப் பார்த்தேன்.
இலையின் அடியில் குட்டிக் குட்டிக் கிண்ணங்கள்,
விளிம்பு கிழிந்து, ஆரஞ்சுப் பொடி ததும்ப.
மேல்புறம்
ஒரு துளித் தேன்.
துருவுக்கும் கல்யாணத் தரகர் வேண்டும்.
ஈக்கள் வந்து, நக்கி,
சம்பந்தம் பேசிவிட்டுப் போகும்.

"புல்லின் துருவாக இருக்கலாம்," என்றேன்,
"கோதுமையுடையதாக இல்லாமலும் இருக்கலாம்.
ஆய்வகத்துக்கு அனுப்பினால்
பதினான்கு நாளில் சொல்வார்கள்."

அவர் வேலிக்கு அப்பால் பார்த்தார்.
நாற்பது ஏக்கர் பால் பிடித்து நின்றது.
ஒரு கதிரை ஒடித்து
நகத்தால் நசுக்கினார்.
வெள்ளையாக வந்தது.
"இதனிடம் சொல், பதினான்கு நாள் என்று."

எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்:
இந்த மண்ணில் முன்பு ஒருமுறை
இந்தப் புதரை வேரோடு பிடுங்கினார்கள்.
துரு போயிற்று.
கூடவே அந்தும் போயிற்று.
அதை யாரும் பிடுங்கவில்லை.

புதர்கள் ஏழு.
வயலை ஒட்டிய மூன்றை வெட்டுவது,
சாலைப் பக்கத்து நான்கை விடுவது,
நான் தினமும் வந்து இலை திருப்புவது.
பேசி முடிக்க ஒரு ஃபிளாஸ்க் தேநீர் ஆனது.
நாலாவதின் மீது
இன்னும் எங்களுக்குள் வழக்கு இருக்கிறது.

ரம்பம் பட்ட இடமெல்லாம்
மஞ்சள்.
மரத்துக்குள் இவ்வளவு மஞ்சளா என்று
அவரே ஒருமுறை நிறுத்திவிட்டார்.
பிறகு இழுத்தார்.

சாய்ந்த கிளைகளில் நான் தேடி எடுத்தேன்,
வெனிலா வாசம் போகாத ஐஸ்கிரீம் டப்பாவில்:
ஐந்து புழு, ஆறு புழு.
ஏழாவதை அவர் கண்டுபிடித்தார்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
"இது வாளிக்கா, டப்பாவுக்கா?" என்றார்.

டப்பாவுக்கு.

இலையோடு வாங்கிக்கொண்டேன்.
புழு விளிம்பிலிருந்து தின்றபடி வந்து
துருப்பிடித்த வட்டத்தைச் சுற்றிக்கொண்டு
அப்பால் போயிருந்தது.
நடுவில் ஒரு ஆரஞ்சுத் தீவு
ஒற்றை நரம்பில் தொங்கியது.

அதைத் தனியே கத்தரித்து
உறையிலிட்டு
ஆய்வகத்தின் முகவரி எழுதினேன்.
அனுப்புநர் என்ற இடத்தில்
என் பெயர்தான்.