மைனஸ் இருபத்தேழு

மூடியைத் தூக்கிப் பிடித்தால்
அடிப்பெட்டி தன் எடையிலேயே
வழுக்கி இறங்க ஏழு நொடி.
எண்ணியிருக்கிறேன்.
அந்த ஏழு நொடிக்காகத்தான்
இவ்வளவு காசையும் கரியாக்குகிறாய்
என்பான் என் அண்ணன் ஹெய்மோ.
பாதி உண்மை.

மீதிப் பாதி,
திரைமேல் ஒட்டியிருக்கும் அந்த மெல்லிய தாள்.
எடுத்த எடுப்பில் நான் அதை உரிப்பதில்லை.
காபி போடுவேன். குடிப்பேன்.
கை கழுவித் துடைப்பேன்.
பிறகு
ஒரு மூலையில் நகம் கொடுத்து,
மெதுவாக.

போன வருஷத்தைவிட அரை மில்லிமீட்டர் மெலிவு.
அது என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்பவர்களுக்குக்
காட்ட என்னிடம் ஒன்றுமில்லை.
சட்டைப்பைக்குத் தெரியும்.

ஆசை அறுபது நாள்,
உத்தரவாதம் இரண்டு வருஷம்,
தவணை மூன்று.
இந்தக் கணக்கு தெரியாதவன் அல்ல நான்.
மேசையின் கீழறையில்
பதினோரு சார்ஜர்கள் கிடக்கின்றன,
பேச்சுவார்த்தை அற்றுப்போன பங்காளிகளாக.
தூக்கத்தை அளக்கும் மோதிரம்
நேற்று ஐம்பத்தெட்டு மதிப்பெண் போட்டது.
பாஸா ஃபெயிலா என்று சொல்லவில்லை.
இரண்டு மணிவரை
இந்தப் போனையே வேறு போனில்
சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது
அதற்கும் தெரியும்.

ஒவ்லுவில் ஜனவரி.
காலை எட்டேகால், இன்னும் இருட்டு.
துயிரா பாலத்துக்குப் பக்கத்து நிறுத்தத்தில்
புதியதோடு முதல் நாள்.
ஆற்றிலிருந்து எழும் ஆவியை
மூன்றாவது லென்ஸில் பிடித்தேன்.
நூல் நூலாக வந்தது,
யாரோ ஆற்றைப் பிரித்து நூற்பதுபோல.
கையுறையைக் கழற்றியதே தெரியவில்லை.

நூறு என்று காட்டியது
எழுபத்தொன்று என்றது.
நாற்பது.
அப்புறம் எதுவும் சொல்லவில்லை.
கறுப்புக் கண்ணாடியில்
புருவம் உறைந்த என் முகம் மட்டும்.

பஸ் டிக்கெட் அதற்குள்.
பேங்க் கார்டு அதற்குள்.
வீட்டுக் கதவின் சாவியும் அதற்குள்தான்,
நவம்பரில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை செலவழித்து
நானே பொருத்தியது.

ஜாக்கெட்டுக்குள், சுவெட்டருக்குள், பனியனுக்குள்
அக்குளில் வைத்து அடைகாத்தேன்.
டைட்டானியம் என்று விளம்பரம்.
விண்கலத்துக்கு ஆகும் உலோகமாம்.
எனக்கு அது
ஐஸ் துளையிலிருந்து அப்போதுதான் இழுத்த மீன்.
பள்ளிப் பை மாட்டிய ஒரு சிறுமி
என்னைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு
இரண்டடி தள்ளி நின்றுகொண்டாள்.

பஸ் வந்தது.
ஓட்டுநரின் சட்டையில் ரைலி என்று பெயர்.
"டிக்கெட் உள்ளே இருக்கு"
என்று அக்குளைக் காட்டினேன்.
அவள் சிரிக்கவில்லை.
இடுப்புப் பையிலிருந்து
சிவப்புக் கரை போட்ட சாம்பல் கம்பளி சாக்ஸ் ஒன்றை எடுத்து
அதிலிருந்து உருவிக் காட்டினாள்:
அதே போன். அதே மூன்று லென்ஸ்.
"பையனோட சாக்ஸ்," என்றாள்.
"மூணு நாளா எண்பதுக்குக் கீழே இறங்கல."
"நீலம் எப்படிக் கிடைச்சது?"
"முதல் நாளே பதிஞ்சேன். நீங்க?"
"ரெண்டாம் நாள்."
ஐயோ பாவம் என்பதுபோல் ஒரு தலையசைப்பு.

சிக்னலில் சிவப்பு.
இரவில் எடுத்த ஒரு படத்தை விரலால் பெரிதாக்கினாள்:
அவள் வீட்டு ஜன்னலுக்கு வெளியே
பனியில் ஒரு முயலின் தடம்,
நான்கு குழி, நான்கு குழி,
ஒவ்வொரு குழிக்கும் தனியாக ஒரு நிழல்.
"அப்பா!" என்றேன்.
பின்னாலிருந்து ஒருவர் இருமினார்.
பச்சை விழுந்து நேரமாகியிருந்தது.

மூன்று நிறுத்தம் கழித்து
அக்குளில் ஒரு துடிப்பு.
எடுத்தேன். வெளிச்சம். உயிர்.
முதல் வேலையாக அது கேட்டது:
உங்கள் அனுபவத்துக்கு எத்தனை நட்சத்திரம்?
நான்கு போட்டேன்.
சாக்ஸுக்குப் போட
தனியாக இடம் இல்லை.

அக்டோபரில் அடுத்தது வருகிறதாம்,
குளிரைத் தாங்கும் பேட்டரியோடு.
நான் நம்பவில்லை.
பெயர் கொடுத்து வைத்திருக்கிறேன்,
முதல் நாளே.