மூன்று வெற்றிடம்

பதினான்கு வரிதான்.
ஒரு சரத்தை உள்ளே விட்டால்
சரி என்றோ தவறு என்றோ சொல்லும்.
பூச்சரமல்ல, எழுத்துச்சரம்:
முகர முடியாது, எண்ணலாம்.

காத்ர் போர்னில், மாடியறையில்,
வனிலாத் தேநீர் இரண்டு குவளைக்கு நடுவே
ஜாவாஸ்கிரிப்டில் எழுதி
'சரிதானா' என்று பெயர் வைத்தேன்.
எண் கலந்தால் தள்ளு.
குறி கலந்தால் தள்ளு.
இடைவெளிக்கு மட்டும் வழிவிடு,
சிலருக்குப் பெயரே இரண்டு சொல்.
மூன்றெழுத்துக்குக் குறைந்தால் தள்ளு,
எதையோ தட்டிவிட்டு ஓடுகிறவர்களுக்காக.
எந்த மொழி எழுத்தானாலும் வரட்டும்
என்று ஒரு வரி சேர்த்ததில்
கொஞ்சம் பெருமையும் இருந்தது.

முதலில் என் குடும்பப் பெயரை இட்டேன்.
எப்போதோ துறைமுகத்தில் ஒரு குமாஸ்தா
காதில் விழுந்ததை எழுதிக்கொள்ள
ஆறுமுகம் ஆர்மூகோம் ஆனது.
ஆறு முகமும் எங்கே என்று
என் நிரல் கேட்கவில்லை.
எட்டு எழுத்து. பச்சை.

சனிக்கிழமை, மூன்றாம் எச்சரிக்கை.
புகலிடம் வருவோர் கைபேசியிலேயே
பெயர் பதியட்டும் என்றது நகராட்சி.
படிவம் யாரோ செய்தது.
வாசற்காவல் என்னுடையது.

புயலுக்கும் ஒரு பெயர் வைத்திருந்தார்கள்.
விளையாட்டாக அதை இட்டுப் பார்த்தேன்.
எண்ணில்லை, குறியில்லை, ஏழெழுத்து.
உடனே பச்சை.

மாலையில் பட்டியலைப் பார்க்கிறேன்.
நாற்பது: வெலாய்தோன், நான்கு பேர்.
நாற்பத்திரண்டு: ராம்பாக்கஸ், ஒரு கைக்குழந்தை.
நடுவில், நாற்பத்தொன்றில்,
பாய் உண்டு, போர்வை உண்டு, ரொட்டி உண்டு,
பெயர் இல்லை.
காலியென்றால் தள்ளியிருக்குமே?
நீளம் கேட்டேன். மூன்று என்றது.

மூன்று வெற்றிடம்.
ஓரங்களைச் சீவிவிட்டுத்தான் எண்ண வேண்டும்
என்பது முதல் வாரப் பாடம்.
மறந்திருக்கிறேன்.

சாலையெல்லாம் கரும்புத் தோகை.
நான்காம் எச்சரிக்கைக்கு முன்னால்
ரோஸ் ஹில் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்துவிட்டேன்.
நாற்பத்தொன்றாம் பாயில்
அவித்த கடலை உரித்துக்கொண்டிருந்தாள்
மூலைக் கடை மதாம் ரோஸ்லின்.

'குடும்பப் பெயர் கேட்டது, போட்டேன்.
செல்லாது என்றது.
பெரிய எழுத்தில் போட்டேன், செல்லாது.
பின்னால் ஒரு புள்ளி வைத்தேன், அதற்கும் செல்லாது.
ஆத்திரத்தில் வெறும் வெளியை
மூன்று தரம் தட்டினேன்.
நல்வரவு என்றது.'

அவள் பெயர் என், ஜி. அதோடு முடிந்தது.
நம் எழுத்தில் ஒரு ங், தலையில் புள்ளியோடு.
உயிரெழுத்தே இல்லாமல்
மூன்று தலைமுறையாக
உப்பும் மண்ணெண்ணெயும் விற்ற பெயர்.

பெஞ்சில் மடிக்கணினியை வைத்தேன்.
மூன்றை ஒன்றாக்கினேன்.
ஓரத்தைச் சீவினேன்.
சோதித்துப் பார்க்க, தமிழிலேயே தட்டினேன்: ங்.
கண்ணுக்கு ஒன்று. அதற்கு இரண்டு.
வளைந்த உடம்பு எழுத்தாம்,
மேலிருக்கும் புள்ளி குறியாம். சிவப்பு.

அப்படியானால்?
ஆறுமுகம் என்று அடித்தேன்.
ஆ தேறியது. ற தேறியது.
அதன் காலடியில் தொங்கிய உகரம்
குறியென்று பிடிபட்டது.
உயிர்மெய்யில் மெய்யை உள்ளே விட்டு
உயிரை வாசலில் நிறுத்தியிருக்கிறேன்,
இத்தனை நாளும்,
எல்லா மொழிக்கும் இடம் கொடுத்தவன்.

அதைத் திருத்தவில்லை.
பேட்டரி ஒன்பது விழுக்காடு.
என் பெயருக்கு அன்றிரவு அவசரமும் இல்லை.
நாற்பத்தொன்றில் அவள் பெயர் ஏறியதும்
மூடி வைத்தேன்.

கடலையை என் பக்கம் தள்ளினாள்.
'புயல் பெயரைப் போட்டுப் பார்த்தாயா?'
'பார்த்தேன்.'
'விட்டதா?'
'விட்டது.'

தகரக் கூரையின் ஒரு முனை
மெல்ல எழும்பி
மறுபடி படிந்தது.
அவள் இன்னொரு கடலையை உடைத்தாள்,
உள்ளே இரண்டு.