அறுநூறு பிக்சல்

கம்பெனி பஸ் நிற்கும் இடங்களை
வரைபடமாகப் பதித்தது நான்தான்.
அகலம்: அறுநூறு.
மேனேஜர் மேசையில் கச்சிதம்.

இரவு ஜெபசிங் போனை நீட்டினான்,
கீறல் விழுந்த சின்னத் திரை.
"கடல் இருக்கு, ஜுமைரா இருக்கு,
பாம் தீவு ஓலை ஓலையா இருக்கு.
நம்ம சோனாப்பூர் எங்கண்ணே?"

வலது ஓரத்தோடு
வெட்டுப்பட்டுப் போயிருந்தது.

அகலத்தை நூறு சதவீதம் ஆக்கினேன்.
உயரம் சுருண்டுகொண்டது;
துபாயையே காணோம்.

ஒன்றரை மணிக்கு
விகிதம் பிடிபட்டது.
ஜன்னலை இழுத்தேன், விரிந்தது.
ஒடுக்கினேன், மனசில்லாமல் ஒடுங்கியது.

விடியலில், பஸ் வரிசையில்,
அவன் உள்ளங்கைக்குள் ஊர் முழுக்க அடங்கியது.

"பேரு மட்டும் வரலண்ணே" என்றான்,
இரண்டு விரலால்
வெறும் பழுப்பைப் பெரிதாக்கிக்கொண்டே.