ஒதுக்கீடு

பன்னிரண்டு மில்லியன் வெள்ளி
என்றார்கள் ஒலிபெருக்கியில்.
சுங்கை பீசி வெயிலில் கைதட்டினோம்
குத்தகைத் துப்புரவாளர் நாங்கள் நால்வரும்.

புதுக் கூடம். குளிர்சாதனம்.
உட்கார்ந்தபடியே பறக்க
ஒரு பொய் விமானம்.

பழைய கரிபுவின் வயிற்றில் மழை சொட்டும்.
அதற்கு நான் வைத்த பெயிண்டு வாளி
பட்டியலில் இல்லை.

எஞ்சின் வாயில்
மைனா குஞ்சு பொரித்திருக்கிறது.
அது இருக்கிறது, பதினேழாம் வரியில்:
'அப்புறப்படுத்த, முந்நூற்றைம்பது வெள்ளி.'

கையெழுத்துப் போட வந்த
நரைத்த மேஜர் ரோஸ்லி
அண்ணாந்து பார்த்தார்.
இதில் பறந்தவராம்.
பேனாவை மூடினார்.
"இன்னும் எத்தனை நாள், மலர்?"

இறகு முளைக்கப் பத்து நாள் என்றேன்.
தேதியைத் திருத்தி எழுதினார்.

வாளி நிரம்பியிருந்தது.
ஊற்றிவிட்டு வந்தேன்.