ஏழாவது கட்டம்

சாத்தங்காடு இரும்பு மார்க்கெட்டில்
எடை போட்ட பிறகுதான் தெரிந்தது.
குழாயின் வாய்க்குள் மீட்டரை நீட்டினார் ரெஜிஸ்.
காய்ந்த எண்ணெயில் கடுகாய்ப் பொரிந்தது.

யாரும் கலக்காதது.
எண்ணெய்க் கிணற்றின் அடியிலிருந்து
உப்புத்தண்ணீரோடு ஏறிவந்து
உள்ளே காறையாய்ப் படிந்த ரேடியம்.
வெட்டாதே, சுரண்டாதே, இரண்டு முனையையும் மூடு என்றார்.
கேஸ் கட்டரை அணைத்த கன்னியப்பன்
கைகளை முகர்ந்து பார்த்தான்.
வாசனை இல்லை.

வந்தது பதினொன்று, இருப்பது ஒன்பது.
மீதி இரண்டும்
எர்ணாவூரில் வாலிபால் கம்பங்கள்.
பாதி ஆட்டத்தில் பிடுங்கி ஏற்றினோம்.
பையன்கள் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு
ரயில்வே கேட் வரை லாரி பின்னாலேயே வந்தார்கள்.

மணலி கிடங்கு ரிஜிஸ்டரில்
ஏழாவது கட்டம்: எத்தனை நாள் வைப்பு?
பாதி தீரவே
ஆயிரத்து அறுநூறு வருஷம்.
பக்கத்தில் பொறுப்பாளர் கையெழுத்து, என்னுடையது.

முப்பத்தொன்றாம் தேதி
நான் ரிட்டயர்.